கொழுந்து காய்ச்சும் நஞ்சு

திருகோணமலைத் துறைமுகத்தில் காலை வேலைக்கு இறங்குபவரை நிமிர்த்திவிடும் பிளேன்ரீயின் வேகம், தேயிலைச் செடி பூச்சிகளுக்கென்று காய்ச்சிய கஃபீன் என்ற நஞ்சு. இயற்கையில் விளைந்தது நல்லது, தொழிற்சாலையில் பிறந்தது கெட்டது என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதியை நிறுத்திய இலங்கை அரசு அந்தப் பேச்சைத்தான் சட்டமாக்கியது. நவம்பரிலேயே பின்வாங்கவும் நேர்ந்தது. செடிக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. தன் கலத்தில் ஏற்கெனவே உள்ள சாந்தோசினோடு மீதைல் கூட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தியோபுரோமினையும், அதிலிருந்து கஃபீனையும் ஆக்குகிறது. கோப்பியும் தேயிலையும் இந்த வித்தையைத் தனித்தனியே பெற்றன என்பதை 2014இல் வெளியான கோப்பியின் மரபணுத் தொகுதி காட்டியது. ஆனால் செடி இதை வாரி இறைப்பதில்லை. புழு முதலில் தேடும் இளங்கொழுந்தில் கூடுதலாகவும், முற்றிய இலையில் குறைவாகவும் வைக்கிறது. கோப்பிப் பூவிலும் தோடை மரப் பூவிலும் ஊறும் தேனிலோ மிகச் சொற்பம். கஃபீன் இல்லாத கரைசலை உண்டவற்றைவிட, அந்தச் சொற்ப அளவை உண்ட தேனீக்களில் மும்மடங்கானவை ஒரு நாள் கழித்தும் பூவின் மணத்தை நினைவில் வைத்திருந்தன என்று 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஹவாயிலோ செறிவான கஃபீன் கரைசலைத் தெளித்தே நத்தைகளைக் கொன்றிருக்கிறார்கள். பொருள் ஒன்றுதான், அளவும் இடமும் மாறின.

செடியிடமே மருந்து இருக்கும்போது நாம் எதற்குத் தெளிக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு விடை இந்தத் தீவிலேயே கிடைத்தது. 1869இல் இங்கே தென்பட்ட இலைத் துரு நோய், கஃபீன் நிறைந்த கோப்பித் தோட்டங்களை இருபது ஆண்டுக்குள் அழித்தது. மலை மலையாக ஒரே பயிரை நட்டால் எந்தச் செடியின் காவலும் தோற்கும். கோப்பிக் காயைத் துளைக்கும் வண்டு கஃபீனைத் தின்று செரிக்கிறது, அதன் குடலிலுள்ள பக்டீரியாவின் உதவியால். அப்படியென்றால் விருப்பம்போல் தெளிக்கலாமா என்ற மறுகேள்வி இன்னும் நியாயமானது. கூடாது என்பதே என் பதில், அதையும் செடியிடமிருந்தே எடுக்கிறேன். கந்தளாய், மூதூர் வயல்களில் அயலவர் தெளித்ததைப் பார்த்துத் தெளிப்பதும், கடைக்காரர் சொன்ன அளவைக் கலப்பதும் கொழுந்தின் சிக்கனத்துக்கு நேர் எதிரானவை. தடை உத்தரவுக்குச் செலவிட்ட அக்கறையில் ஒரு பங்கை, கமநல சேவை நிலையங்களில் போதிய விவசாயப் போதனாசிரியர்களை அமர்த்தச் செலவிட்டிருக்கலாம். வயலில் பீடையை எண்ணிப் பார்த்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு தெளிப்பது, எப்போது தெளிக்காமலே விடுவது என்று சொல்ல ஆள் வேண்டும்.