கூட்டத்தை விட்டு வந்தவர்களின் கதி

ஏரலுக்கு அமாவாசையன்று போயிருப்பவர்களுக்கு அங்கு கூடுகின்ற ஜனத்திரளைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் ஆடி அமாவாசை என்றால் தாமிரபரணிக் கரையில் கால் வைக்க இடமிராது. 1908-ம் வருஷத்தில் தமது 28-வது வயதில் காலஞ்சென்ற ஒருவர், சேர்மன் அருணாசல சுவாமி என்ற பெயரால் அங்கு தெய்வமாக்கப்பட்டிருக்கிறார். சேர்மன் உத்தியோகத்துக்கும் தெய்வ உத்தியோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்டால் பக்தர்களுக்குக் கோபம் வரும். (இன்றுள்ள சேர்மன்கள் இதைப் பார்த்து ஆசைப்படாமலிருந்தால் சரி.) நமக்கு அந்த நம்பிக்கையில் சிறிதும் உடன்பாடில்லை என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

ஆனால் ஒரு சங்கதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த அமாவாசைக்கு வந்து கும்பிட்டவன் அடுத்த அமாவாசைக்கு வராமலிருந்துவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று அவன் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. அவனோடு பேசக்கூடாதென்று அவன் பெண்சாதிக்கு உத்தரவு போடுவதில்லை. அவன் மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையைத் திருப்பிக்கொண்டு போவதுமில்லை. நம்பிக்கை மூடத்தனமானதாயிருக்கலாம், ஆனால் அதற்கு வாசல் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

இன்று நாம் எழுதப் புகுந்தது, உள்ளே வர மட்டும் வாசல் வைத்து, வெளியே போக வாசல் வைக்காமல் கட்டப்பட்ட கூட்டங்களைப் பற்றி. ஒரு கூட்டத்தின் யோக்கியதையை அளப்பதற்கு, அது எதை நம்பச் சொல்கின்றது என்று பார்ப்பதைவிட, அதை விட்டுப் போகின்றவனை என்ன செய்கின்றது என்று பார்ப்பதே சரியான அளவு என்பது நமது அபிப்பிராயம்.

ஏரல் பக்கத்துக் கிராமத்து நண்பர் ஒருவர் பதினேழு வருஷம் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்து விலகி வந்தவர். அவர் பெயரும் அந்தக் கூட்டத்தின் பெயரும் இங்கு வேண்டாம். அது எந்த மதத்தைச் சேர்ந்தது என்பதைக்கூட நாம் எழுதப் போவதில்லை. எழுதினால், "நல்ல வேளை, நம்முடையது அல்ல" என்று மற்ற மதத்துக்காரர்கள் நிம்மதியாகப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள். அங்கு சட்டம் என்னவென்றால், வாரம் ஒருமுறை மூத்தவரிடம் மனதிலுள்ளதையெல்லாம் ஒப்புவிக்க வேண்டும். வருமானத்தில் பங்கு செலுத்த வேண்டும். வெளியார் வீட்டு விசேஷங்களுக்குப் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தை விட்டுப் போனவனோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. பதினாறு வருஷம் இதற்கெல்லாம் கட்டுப்பட்டவர், கூடப்பிறந்த அக்காள் மகள் கல்யாணத்துக்குப் போகக் கூடாதென்று தடுக்கப்பட்டபோதுதான் முதன்முதலாக யோசித்தாராம். தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்தால் அந்தப் பெண்ணுக்கும் அக்காளுக்கும் ஊரில் என்ன முகம் இருக்கும் என்பது நம் பக்கத்தாருக்குத் தெரியும். அவர் போகவில்லை. போகாமலிருந்ததை நினைத்து நினைத்து ஒரு வருஷம் கழித்துத்தான் விலகினார்.

விலகியபின் நடந்தது என்ன? பெண்சாதியும் மகளும் கூட்டத்திலேயே இருக்கின்றார்கள். சோறு தட்டில் வைக்கப்படுகின்றது, வார்த்தை வைக்கப்படுவதில்லை. அக்காள் வீட்டுக்குப் போனால், "அன்றைக்கு வராதவனுக்கு இன்றைக்கு என்ன வேலை?" என்கிறார்கள். பார்த்தார், பகுத்தறிவு பேசுகின்ற நம்மவர்களிடம் வந்தார். நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "படித்த மனிதன், பதினேழு வருஷம் எப்படி ஐயா ஏமாந்தீர்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மனிதர் மூன்றாம் வாரத்திலிருந்து வரவில்லை.

பிறகு குரும்பூர்ப் பக்கமிருந்து, அதே கூட்டத்தை விட்டு வந்த வேறொருவரை ஏரல் கடைத்தெருவில் தற்செயலாகச் சந்தித்திருக்கிறார். ஒரு டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் உட்கார்ந்தவர்கள் கடைசி பஸ் போனதுகூடத் தெரியாமல் பேசியிருக்கிறார்கள். அதைப் பற்றி நம்மிடம் அவர் சொன்னது இதுதான்: "ராத்திரி திடுக்குனு முழிச்சு, சாபம் பலிச்சிருமோன்னு பயந்து உக்காந்திருக்கது எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன் அண்ணாச்சி. அவருக்கும் அப்படித்தானாம்."

தோழர்களே! நாம் நூறு பிரசங்கத்தில் செய்ய முடியாததை அந்த டீக்கடை பெஞ்சு ஒரே ராத்திரியில் செய்துவிட்டது. ஏன் என்றால், அவருக்குக் கடவுளைப் பற்றிய வாதம் தேவையாயிருக்கவில்லை. தன்னைப் போலவே ஒருவன் விலகினான், அவன் தலையில் இடி விழவில்லை, இதோ டீ குடித்துக்கொண்டிருக்கிறான் என்கின்ற சாட்சியம் தேவையாயிருந்தது. இது தெரிந்துதான் இப்படிப்பட்ட கூட்டங்களெல்லாம் மற்றெதில் மாறுபட்டாலும் ஒரு சட்டத்தில் மட்டும் ஒன்றுபட்டிருக்கின்றன. போனவனோடு பேசாதே என்பதே அது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் கூட்டத்தார் உலகமெங்கும் இதைப் பகிரங்கமான ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். நீக்கப்பட்டவனோடு உறவினர்கூட சகஜமாகப் பழகுவதில்லை. அவர்கள் பிள்ளைகள் மூவர் தேசிய கீதம் பாடவில்லையென்று கேரளத்தில் 1985-ல் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டப்பட்டபோது, அது தப்பென்று 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அத்தீர்ப்பை நாமும் சரியென்றே சொல்லுவோம். பாடாமலிருக்கின்ற உரிமை அவர்களுக்கு உண்டு. அப்படியானால் அவர்களை விட்டுப் போகின்றவனுக்குத் தாய் தகப்பனோடு பேசுகின்ற உரிமை உண்டா இல்லையா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

பேச்சைத் தடுப்பது ஒரு பூட்டு. சொத்து மற்றொரு பூட்டு. கொழும்பில் 1920-களில் ஆரம்பித்துத் தமிழ்நாடெங்கும் பரவியதும், பின்னால் தாம்பரத்தையடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டதுமான சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஊழியத்துக்குப் போகின்றவர்கள் கல்யாணத்தையும் சொத்தையும் துறந்து விசுவாச வீட்டில் குடியிருக்க வேண்டும். நோய் வந்தால் மருந்தை நாடாமல் ஜெபத்தையே நாட வேண்டும் என்பது அவர்கள் உபதேசம். மனப்பூர்வமாய் அப்படி இருக்கின்றவர்களோடு நமக்குச் சண்டையில்லை. இருபது வயதில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போன ஒருவனுக்கு ஐம்பது வயதில் புத்தி மாறிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு ஏது? தொழில் ஏது? சோற்றுக்கு வழி ஏது? அவன் உள்ளேயே இருந்தால் அதைப் பக்தி என்று சொல்வதா, வேறு கதியில்லாமை என்று சொல்வதா? அதிலிருந்து விலகிய சிலர் இப்போது தங்களுக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளத் துணிந்திருக்கிறார்கள் என்பது சந்தோஷப்பட வேண்டிய விஷயமாகும்.

பேச்சு என்னதான் செய்துவிடும் என்பவர்களுக்குப் பிரேமானந்தா சங்கதியை ஞாபகப்படுத்துகின்றோம். இலங்கை மாத்தளையில் பிறந்து, 1983 கலகத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்து, திருச்சிக்கும் விராலிமலைக்கும் இடையில் பாத்திமா நகரில் 1989-ல் ஆசிரமம் வைத்தவர் அவர். கையிலிருந்து விபூதி கொட்டும். சிவராத்திரியன்று வாயிலிருந்து லிங்கம் வரும். ஆசிரமத்தில் வளர்ந்தவர்களோ, யுத்தத்துக்குத் தப்பி வந்த அநாதைப் பெண்குழந்தைகள் முதலானவர்கள். வெளியில் ஒரு நாதியுமில்லாதவர்களைப் பொறுக்கி உள்ளே வைத்துக்கொண்டால் பூட்டே வேண்டியதில்லை அல்லவா? அந்த லிங்கத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் எத்தனை படித்தவர்கள், எத்தனை வெள்ளைக்காரர்கள்! 1994-ல் அங்கிருந்து தப்பி வெளியே வந்த பெண்கள் வாய் திறந்த பிறகுதான் உள்ளே நடந்தது உலகத்துக்குத் தெரிந்தது. 13 பெண்களைக் கெடுத்ததற்காகவும், எதிர்த்து நின்ற இலங்கை வாலிபர் ஒருவரைக் கொலை செய்து ஆசிரமத்துக்குள்ளேயே புதைத்ததற்காகவும், 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. தண்டனை அநுபவித்துக்கொண்டிருக்கும்போதே 2011-ல் சாமியார் செத்தார். அதுவரையிலும் அதற்குப் பின்னும், "சாமி நிரபராதி, அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள்" என்று சொல்லுகின்ற பக்தர்கள் இருந்தார்கள்! கோர்ட்டு நம்பிய பெண்களை ஊர் நம்ப மறுத்தது என்றால், கோர்ட்டு வரை போக வழியில்லாமல் விலகி வந்தவர்களின் பேச்சு எந்த அம்பலம் ஏறும்?

நம்பாததன் பலனை அமெரிக்காக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். ஜிம் ஜோன்ஸ் என்கின்ற பாதிரியின் கூட்டத்தை விட்டு வந்தவர்கள் 1977-ல் பத்திரிகைக்காரர்களிடம் அடி உதை முதல் பண மோசடி வரை எல்லாவற்றையும் சொன்னார்கள். உள்ளே சிக்கியவர்களின் உறவினரோடு சேர்ந்து ஒரு சங்கமாகவே கூடி சர்க்காருக்கு எழுதினார்கள். கோபத்தில் பேசுகிறார்கள் என்று அநேகர் தள்ளிவிட்டார்கள். 1978 நவம்பர் 18-ந் தேதி தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டில் அந்தப் பாதிரி அமைத்திருந்த குடியேற்றத்தில் 900 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் ஏறக்குறைய 300 பேர் சிறு பிள்ளைகள். விஷம் கலந்த பானத்தைக் குழந்தைகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள்.

நிற்க, விலகி வந்தவர்களெல்லாம் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. 2023 அக்டோபர் 29-ந் தேதி கேரளத்தில் களமசேரியில் யெகோவாவின் சாட்சிகள் கூடியிருந்த மண்டபத்தில் குண்டு வெடித்து, 12 வயதுப் பெண்குழந்தை ஒன்று உள்பட எட்டுப் பேர் மாண்டார்கள். தானே வைத்தேன் என்று போலீசில் போய்ச் சொன்னவன், முன்பு அக்கூட்டத்தில் இருந்து மாறுபட்டவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். அந்தக் காரியத்தைக் கண்டிக்க நமக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. ஒரு கூட்டத்தின் கொள்கை எவ்வளவு கேவலமானதானாலும் அதில் இருக்கின்றவர்கள் மனிதர்கள். அவர்களும் நாளைக்கு விலகி வரக்கூடியவர்கள். மேலும், விலகினவனுடைய ஆத்திரம் தனியாக இருட்டறையில் வளருவதைவிட நாலு பேர் மத்தியில் பேசிக் கரைவது நல்லதா அல்லவா?

நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே இதற்குப் பாடம் இருக்கின்றது. ஏரலுக்குச் சமீபத்திலுள்ள நாசரேத்தில் மிஷன் உபதேசியாராயிருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, வெள்ளைக்காரப் பாதிரிகளின் அதிகாரத்துக்கு உடன்படாமல், 1857-ல் மூக்குப்பீறி, பிரகாசபுரம் பக்கத்தில் தனிச் சபை கண்டார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்ததும், இன்னும் பலவும் நமக்குச் சம்மதமானவையல்ல. ஒரு கட்டை அவிழ்த்து மறு கட்டுப் போட்ட கதைதான். ஆனால் பாதிரிகளின் கோபத்தைத் தாங்கி அந்தச் சபை எப்படி நிலைத்தது? அவர் தனியாக வெளியேறவில்லை. குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். ஆகவே பெண் கொடுக்க வீடு இருந்தது, பிணம் தூக்க ஆள் இருந்தது. இன்று கூட்டத்தை விட்டு வருகின்றவனோ ஒண்டியாக வருகிறான். அவனைத் திரும்ப உள்ளே இழுப்பது மோக்ஷமுமல்ல, நரகமுமல்ல. மகளுக்கு மாப்பிள்ளையும் தன் பிணத்துக்கு நாலு தோளும்தான்.

சுயமரியாதை இயக்கத்தார் இதை ஒரு காலத்தில் நன்றாக உணர்ந்திருந்தார்கள். புரோகிதன் வேண்டாமென்று மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. 1928-ல் அருப்புக்கோட்டைக்கடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதனில்லாமல் கல்யாணத்தை நடத்திக் காட்டினார்கள். சட்டம் செல்லாது என்று சொன்ன காலத்திலும் நடத்திக்கொண்டே இருந்து, 1967-ல் அண்ணா மந்திரிசபை அதைச் சட்டமாக்குகின்ற வரையில் விடவில்லை. வாதத்துக்குத் தலையசைத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான் இயக்கத்தில் நின்றார்கள். அப்படியிருக்க, இன்று நம்மை நாடி வருகின்ற ஒருவனுக்கு நாம் கொடுப்பது கேலிச் சிரிப்பு என்றால், நமக்கும் அந்தக் கூட்டத்தாருக்கும் என்ன வித்தியாசம்? அங்கே பாவி என்றார்கள். இங்கே முட்டாள் என்கிறோம்.

இதை எழுதுவதற்கு முன் அந்த நண்பரையும், அவர் மூலமாக அறிமுகமான மற்ற மூன்று பேரையும் ஏரலில் சந்தித்துப் பேசினோம். அதில் ஒருவர் ஸ்திரீ. அவருடைய பெற்றோர் இன்னும் உள்ளேயே இருக்கின்றார்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடிப் பேச ஓர் இடம் வேண்டுமென்றார்கள். தம் கடைக்குப் பின்புறம் உள்ள அறையைத் தருவதாக நம் தோழர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கடவுள் இல்லையென்று ஒப்புக்கொண்டால்தான் உள்ளே வரலாம் என்ற நிபந்தனை அங்கு கிடையாது. பழைய நம்பிக்கையில் பாதியோடு வருகின்றவர்களும் வரலாம். "எப்படி ஏமாந்தீர்?" என்று கேட்பவர்களுக்கு மட்டும் இடமில்லை. வரும் ஆவணி மாதத்தில் அந்த ஸ்திரீக்குக் கல்யாணம். பெண் வீட்டார் என்று சொல்லிக்கொள்ள அவர் பக்கம் யாருமில்லை. ஆகையால் சுற்றுவட்டாரத் தோழர்கள் குடும்பத்தோடு வந்து பெண் வீட்டாராக நிற்க வேண்டுகின்றோம்.

கூடுகின்ற கிழமையை மட்டும் இங்கு அச்சிடவில்லை. அந்த நாலு பேரும் அதை வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள்.