ரப்பர் போனால் கண்ணாடியே போனதா?

கூலிங் கிளாஸின் ரப்பர் கெட்டுவிட்டது என்று கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. “இந்த மாடலுக்கு ஸ்பேர் வராது சார், புதுசு பாருங்களேன்.” வேறு கம்பெனி ரப்பர் போடலாமே என்றால், “அது டூப்ளிகேட் சார்” என்று முகம் சுளிக்கிறார்கள். இந்த டூப்ளிகேட் என்ற சொல்லை நாம் தவறான இடத்தில் பயன்படுத்துகிறோம் என்பது என் கருத்து.

உலோக பிரேமில் ரப்பர் இருப்பது முக்கியமாக இரண்டு இடங்களில்: மூக்கில் உட்காரும் நோஸ் பேட், காதுக்குப் பின்னால் வளையும் கம்பியின் உறை. வியர்வை, தோலின் எண்ணெய்ப் பசை, வெயில் மூன்றையும் வாங்கிக்கொள்வது இவைதான். ரப்பர் சில வருடங்களில் மஞ்சளாகும், பிசுபிசுக்கும், வெடிக்கும். எஃகும் டைட்டானியமும் அப்படியே இருக்கும். செருப்பு தேய்வதால் கால் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

எந்தப் பாகத்தில் மாற்றுச் சரக்கு ஆபத்து என்றுதான் பார்க்க வேண்டும். குக்கர் கேஸ்கட் என்றால் உள்ளே நீராவி அழுத்தம் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்குரியதையே வாங்குவது நல்லது. கூலிங் கிளாஸில் அப்படிக் கவனிக்க வேண்டியது லென்ஸ். புற ஊதாக் கதிரைத் தடுக்காத வெறும் கறுப்புக் கண்ணாடி கண்ணுக்குக் கெடுதல். இருட்டில் கண்மணி விரிகிறது, கதிர் கூடுதலாக உள்ளே போகிறது. 400 நானோமீட்டர் வரை தடுக்கும் லென்ஸா என்று கேட்காமல் சாலையோரத்தில் வாங்கி மாட்டிக்கொள்பவர்கள், பத்து ரூபாய் ரப்பருக்கு மட்டும் ஒரிஜினல் தேடுவது எனக்கு விளங்கவில்லை. ரப்பர் சரியில்லை என்றால் மூக்கு அரிக்கும். கழற்றி வேறு போட்டால் தீர்ந்தது. மாறாக, ரப்பரே இல்லாமல் உலோகம் தோலில் உரச விட்டால், நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தடிப்பே வரும்.

எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை ‘சொல்தா’ என்போம். என் மூத்த அண்ணன் ஒரு சொல்தா. அவர் விட்டுப்போன உலோக பிரேம் கூலிங் கிளாஸ் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை ரப்பர் மாற்றியாயிற்று. உலோகம் அவருடையது, லென்ஸ் அவருடையது. கடையில் வாங்கிய ரப்பரைப் போட்டதால் அது அண்ணனுடைய கண்ணாடி இல்லையென்று ஆகிவிடுமா?

மாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. பழைய உறையைக் கத்தியால் சுரண்டாமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு உருவ வேண்டும். நோஸ் பேடைத் தாங்கும் கம்பியில் பச்சைக் களிம்பு இருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். பேட் திருகாணியில் நிற்கிறதா, அழுத்தினால் பொருந்துவதா என்று பார்த்து அதே வகையை வாங்க வேண்டும். நீளத்தை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போவது உத்தமம். கிடைத்தால் சிலிக்கான். புது உறை ஏறவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் தொட்டால் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், வழுக்கிக்கொண்டே இருக்கும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும். அடுத்த முறை கழற்றவும் முடியாது.

நம் கைவேலை இருக்கட்டும், தயாரிப்பாளரின் கடமை என்ன? பிரான்சில் ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை 2015-இல் குற்றமாக்கினார்கள். 2021 ஜனவரி முதல் கைப்பேசி, மடிக்கணினி, துணி துவைக்கும் இயந்திரம் போன்ற சிலவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போடச் சொன்னார்கள். உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பதும் அந்தக் கணக்கில் சேரும். நம் மத்திய அரசும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது: விவசாயக் கருவி, கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். இரண்டு பட்டியலிலும் மூக்குக் கண்ணாடி இல்லை. சின்னப் பொருள்தானே என்று விட்டிருக்கலாம். ஆனால் பென்ஷன்காரனுக்கு ஆயிரக்கணக்கில் விலையுள்ள பிரேம் சின்னப் பொருள் அல்ல.

தேயும் என்று தெரிந்தே ஒரு பாகத்தை வைத்து விற்பவர், அந்தப் பாகத்தையும் விற்க வேண்டும். விற்காவிட்டால், அடுத்தவன் செய்து விற்பதை டூப்ளிகேட் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. அடுத்த முறை பிரேம் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் “இதற்கு ரப்பர் தனியாகக் கிடைக்குமா?” என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்காவது கடையில் வாங்கி வைப்பார்கள்.