மாளிகைகள் சொல்லும் கணக்கு

பாட்டன் சேர்ப்பான், பேரன் செலவழிப்பான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் குடும்பத்தின் கதை அதற்கு நல்ல சான்று.

நியூயார்க் துறைமுகத்தில் பயணிகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்துப் பிழைக்கத் தொடங்கியவர் கொர்னேலியஸ் வாண்டர்பில்ட். பின்னர் நீராவிக் கப்பல், அதன்பின் ரயில்வே என்று வளர்ந்தார். 1877-ல் அவர் மறைந்தபோது சொத்து சுமார் 10 கோடி டாலர். மகன் வில்லியம் ஹென்றி எட்டே ஆண்டுகளில் அதை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார். அதே 1877-ல்தான் அவரது ரயில்வேயில் தொழிலாளர் கூலி 10 சதவீதம் வெட்டப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது.

பேரன்மார் மாளிகை கட்டுவதில் போட்டி போட்டனர். நியூபோர்ட் கடற்கரையில் 1892-ல் எழுந்த சலவைக்கல் மாளிகைக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவாயிற்று. அதில் 70 லட்சம் சலவைக்கல்லுக்கு மட்டும்! அதே ஊரில் 1895-ல் முடிந்த ‘பிரேக்கர்ஸ்’ மாளிகைக்கு 70 அறைகள். கோடையில் சில வாரங்கள் தங்குவதற்கான இவற்றை அவர்கள் ‘குடில்’ என்றே அழைத்தனர். வட கரோலினாவில் ஜார்ஜ் வாண்டர்பில்ட் கட்டிய ‘பில்ட்மோர்’ மாளிகைக்கோ 250 அறைகள்; சுற்றிலும் 1,25,000 ஏக்கர் நிலம். கட்டி முடித்தபோது அவருக்குத் திருமணம்கூட ஆகவில்லை!

இந்தப் பெருமை எத்தனை நாள் நிலைத்தது? 1913-ல் வருமான வரியும் 1916-ல் வாரிசுச் சொத்து வரியும் வந்தன. பராமரிப்புச் செலவு கழுத்தை நெரித்தது. நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் இருந்த குடும்ப மாளிகைகள் இடிக்கப்பட்டன; அவற்றுள் மிகப் பெரியது நின்ற இடத்தில் இன்று கடை நடக்கிறது. பிரேக்கர்ஸ் மாளிகை 1972-ல் ஒரு பாதுகாப்புச் சங்கத்துக்கு 3,65,000 டாலருக்கு விற்கப்பட்டது. பில்ட்மோர் மட்டும் இன்றும் குடும்பத்தார் கையில் இருக்கிறது. அதுவும் 1930 முதல் பொதுமக்களுக்குக் கட்டணத்துடன் திறந்துவிடப்பட்டதால்தான்.

கொத்தனார்க்கும் தச்சர்க்கும் சிற்பிக்கும் வேலை கிடைத்ததே என்று வாதிடுவோர் உண்டு. பள்ளியும் மருத்துவமனையும் கட்டியிருந்தாலும் அந்தக் கைகளுக்கு வேலை கிடைத்திருக்கும் அன்றோ? 1873-ல் மூத்தவர் கொர்னேலியஸ் நாஷ்வில் நகரில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்க 10 லட்சம் டாலர் அளித்தார். அந்தச் சலவைக்கல் மாளிகையின் செலவில் பதினொன்றில் ஒரு பங்குதான் அது. இன்றளவும் அங்கே ஆண்டுதோறும் மாணவர்கள் பட்டம் பெற்று வெளிவருகிறார்கள்.

ஜார்ஜின் நிலத்துக்கும் இதே கதைதான். அங்கே 1898-ல் வனவியல் பள்ளி தொடங்கிற்று. 1914-ல் அவர் மறைந்தபின், மனைவி சுமார் 87,000 ஏக்கரை அரசுக்கு விற்றார். இன்று பிஸ்கா தேசிய வனமாக அது எல்லோருக்கும் நிழல் தருகிறது.

செல்வத்துக்கு வரி விதித்தால் பொறாமை என்று கூச்சலிடுவோர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். வீட்டாருக்கென்று பூட்டி வைத்த மாளிகைகள் பேரப்பிள்ளைகளுக்கே பாரமாயின. ஊருக்கென்று விட்ட கல்வியும் காடும் இன்றும் பயன் தருகின்றன. உழைப்பவன் வியர்வையில் விளைந்த செல்வம் ஏதேனும் ஒரு வழியில் அவன் பிள்ளைகளிடம் திரும்பி வருவதே நியாயம்.