பங்கருக்குக் கஞ்சன், கண்ணுக்கு வள்ளல்

இது பெயிண்ட்பால் பற்றிய பதிவு. வங்கிக்காரன் ஆச்சே, வட்டி விகிதம் பற்றி ஏதாவது எழுதியிருப்பான் என்று வந்தவர்கள் தாராளமாக அடுத்த பக்கம் போகலாம் :-) ஆனால் இதிலும் கணக்கு வழக்கு உண்டு. பி.காம். படித்தவன் எதைத் தொட்டாலும் அதில் ஒரு பேரேடு வந்துவிடும்.

சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். வீட்டுப்பக்க மைதானத்தில் பிள்ளைகள் பெயிண்ட்பால் ஆட ஆசைப்பட்டால், பதுங்குவதற்கான பங்கர்களை விலைக்கோ வாடகைக்கோ எடுக்காதீர்கள். நீங்களே செய்யுங்கள். மலிவாக, லேசாக, ஒரு மணி நேரத்தில் கழற்றி அள்ளிக்கொண்டு போகிற மாதிரி. அதில் மிச்சமாகும் காசை ஒரு பைசா விடாமல் முகமூடிக்கும் வலைக்கும் போடுங்கள். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பங்கர் பளபளவென்று நிற்கும், பிள்ளைகள் முகத்தில் கீறல் விழுந்த ஓசி கண்ணாடி இருக்கும்.

தெரியாதவர்களுக்கு: ஜெலட்டின் உறைக்குள் தண்ணீரில் கழுவினால் போகும் சாயம் நிரப்பின உருண்டை. காற்றழுத்தத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டால் பட்ட இடத்தில் உடைந்து நிறம் காட்டும். நிறம் பட்டவர் அவுட். மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போட வைத்திருந்த துப்பாக்கியைக் கொண்டு, 1981 ஜூனில் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் ஆடியதுதான் முதல் ஆட்டம். அதில் ஜெயித்த ரிச்சி வைட் ஒரு உருண்டைகூடச் சுடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த தகவல். மறைந்து மறைந்து போய்க் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆக, இந்த விளையாட்டின் உயிர் துப்பாக்கியில் இல்லை, மறைவிடத்தில் இருக்கிறது.

அவருக்குக் காடு இருந்தது. எங்களுக்கு இருப்பது காமன் பிளாட். குஜராத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். சொசைட்டி என்று வீடுகள் கட்டும்போது நடுவிலோ ஓரத்திலோ எல்லோருக்கும் பொதுவாக ஒரு காலியிடம் விடுவார்கள். வடோதராவில் (பழைய ஆட்களுக்குப் பரோடா) எங்கள் சொசைட்டியிலும் ஒன்று உண்டு. ஒரு மரம்கூடக் கிடையாது, மொட்டை வெளி. பிள்ளைகள் பெயிண்ட்பால் கேட்டதும் துப்பாக்கி, முகமூடி, நடத்த ஒரு ஆள், காற்று ஊதின பங்கர் எல்லாம் சேர்த்து வாடகைக்கு விலை கேட்டோம். வந்த சீட்டில் பாதிக்கு மேல் பங்கருக்கே. சில பெற்றோர் கொடுத்துவிடலாம் என்றார்கள். இன்னும் சிலர், வாடகை எதற்கு, மூலையில் நாலு செங்கல் சுவர் கட்டிவிட்டால் நிரந்தரமாக இருக்குமே என்றார்கள். நான் இரண்டுக்கும் எதிர்க்கட்சி.

நிரந்தரம் என்பது ஏன் தப்பு? காமன் பிளாட் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. நவராத்திரி வந்தால் ஒன்பது இரவும் அங்கேதான் கர்பா. கல்யாணம் என்றால் பந்தல். சாயங்காலம் பெரியவர்களின் நாற்காலி மாநாடு. அங்கே ஒரு சுவர் எழுந்தால், அது நின்றிருக்கும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்கு இடைஞ்சல். கடைசியில் சுவர் இடிபடாது, விளையாட்டுதான் தடை செய்யப்படும். வந்த சுவடு தெரியாமல் போகிற விளையாட்டுக்கு மட்டும்தான் மறுபடி வர அனுமதி கிடைக்கும்.

நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல், வாடகை வீடு, மொழி தடுமாற்றம். சொசைட்டி மீட்டிங்கில் வாய் திறக்கவே கூச்சம். "நமக்கெதுக்கு வம்பு" என்று பிள்ளைகளை டிவி முன்னால் உட்கார வைத்துவிடுகிறோம். "ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போடுவோம், பத்து மணிக்கு இடம் இருந்தபடி இருக்கும்" என்று சொல்ல முடிந்தால் கேட்பதற்குத் தைரியம் வருகிறது. எங்கள் செக்ரட்டரி கேட்டதும் அது ஒன்றைத்தான்: "பத்து மணின்னா பத்து மணிதானே, சாஹேப்?"

சரி, எதில் செய்வது? உடனே எல்லோரும் சொல்வது பழைய டயர். வேண்டவே வேண்டாம். டயருக்குள் தேங்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம் நல்ல பங்கர்தான். ஆனால் உள்ளே முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று தெரியாமல் வாங்கக்கூடாது, நாலைந்துக்கு மேல் வைக்க இடமும் இருக்காது. சரக்கு வரும் மரப் பலகைத் தட்டுகளில் ஆணியும் சிராய்ப்பும். போதாததற்குச் சிலவற்றைப் பூச்சிக்காக மீதைல் புரோமைடு அடித்து அனுப்பியிருப்பார்கள் (எம்.பி. என்று முத்திரை இருக்கும், எச்.டி. என்றால் சூடுபடுத்தியது மட்டும்). ஓடிவரும் பத்து வயதுப் பையன் கட்டாயம் பங்கரில் மோதுவான். மோதினால் பங்கர்தான் விழ வேண்டும், பையன் பல் விழக்கூடாது. இதுதான் என் முதல் விதி.

இந்த விதிக்குப் பொருந்துவது பி.வி.சி. பைப்பும் பழைய ஃப்ளெக்ஸ் பேனரும். ஒரு பங்கருக்கு ஒரு அங்குல பைப் இருபதடி, கனமான ரகமாக. வெட்டும் கணக்கு இதோ: மேலே குறுக்காக நாலடி ஒன்று, கீழே குறுக்காக நாலடி ஒன்று, நிமிர்ந்து நிற்க மூன்றரை அடி இரண்டு, அதற்குக் கீழே அரையடி இரண்டு, பாதத்துக்கு ஓரடி நாலு. கூட்டிப் பாருங்கள், இருபது சரியாக வரும். ஒரு துண்டும் வீணில்லை :-) மேல் மூலைக்கு எல்போ இரண்டு, கீழே டீ நாலு, பாத நுனிக்கு மூடி நாலு. கீழ்க் குறுக்குக் கம்பை அரையடி உயரத்தில் இரண்டு டீயில் பொருத்துங்கள். தரையில் இரண்டு டீ, ஒவ்வொன்றிலும் முன்னே ஒரு பாதம், பின்னே ஒரு பாதம். நாலடிச் சதுரத்தில் ஒரு சட்டம் நிற்கும். முக்கியமான விஷயம், எந்த இணைப்பிலும் பசை போடாதீர்கள். கையால் இறுக்கினாலே ஆட்டத்துக்குப் போதும். ஒட்டாத இணைப்புதான் கழற்றி எடுக்க வழி, மோதினால் விட்டுக்கொடுப்பதும் அதுதான்.

இந்தச் சட்டத்துக்குச் சட்டை, எட்டுக்கு நாலடி ஃப்ளெக்ஸ். தேர்தல் முடிந்தால், கண்காட்சி முடிந்தால் எடைக்குப் போடுவார்கள். மேல் கம்பில் பாதியாக மடித்துத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் மூடி, கீழ்க் கம்பில் சுற்றிக் கட்ட அரையடி மிஞ்சும். அச்சடித்த பக்கம் உள்ளே போகட்டும். தலைவர் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சுட, அதை யாராவது செல்போனில் படம் பிடிக்க, நமக்கு அந்த ஊர்வலம் தேவையா? சாமி படம் போட்ட பேனரை வாங்கவே வேண்டாம்.

எடைக்குச் செங்கல் வைக்காதீர்கள். கிழிந்த ஜீன்ஸ் பேண்ட்டின் காலை வெட்டி, மணல் நிரப்பி, இரு முனையும் கட்டிப் பாதத்தின் மேல் போடுங்கள். தடுக்கி விழுந்தாலும் மெத்தென்று இருக்கும். மேல் கம்புக்குப் பழைய மெத்தை நுரையைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். வெயிலில் கிடந்தால் பி.வி.சி. நொறுங்க ஆரம்பிக்கும், நொறுங்கின விளிம்பு கத்தி மாதிரி. ஆகவே ஆட்டம் முடிந்ததும் நிழலுக்குப் போகட்டும், விரிசல் கண்டால் குப்பைக்குப் போகட்டும்.

மூன்றுக்கு மூன்று பேர் ஆட இப்படிப் பத்துப் பன்னிரண்டு போதும். நடுக்கோட்டின் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அமைப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் தோற்ற அணி பங்கரைத்தான் குறை சொல்லும். அடுத்த வாரம் இடம் மாற்றிப் போட்டால் புது மைதானம். காசு கொடுக்காமல் கிடைக்கும் லாபம் அது.

இப்போது பேரேடு. காற்று ஊதினதை வாடகைக்கு எடுத்தால் அது வருவாய்ச் செலவு, ஒவ்வொரு முறையும் போகும். சுவர் என்பது மூலதனச் செலவு, ஆனால் சொத்து உங்கள் பேரில் இல்லை. பைப் பங்கர் உங்கள் பரண் மேல் ஒரு கட்டாகக் கிடக்கும் சொத்து. மாற்றல் வந்தால் லாரியில் ஏறும், இல்லையென்றால் பக்கத்து சொசைட்டிக்குப் போகும். மிஞ்சின பணம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் நான் பிடிவாதக்காரன்.

பெரியவர்கள் ஆடும் 0.68 அங்குல உருண்டை சுமார் மூன்று கிராம். நொடிக்கு 300 அடி வேகம் என்பது பல மைதானங்களில் உச்ச வரம்பு. மணிக்கு 330 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் பட்டால் நீலம் பாரிக்கும், ஆறிவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சின்னப் பிள்ளைகளுக்கு 0.50 அங்குலத்தில் வேகம் குறைந்த ரகம் உண்டு, அதையே கேளுங்கள். அதற்கும் முகமூடி கட்டாயம். நீச்சல் கண்ணாடி, பைக் ஹெல்மெட், வெல்டிங் கண்ணாடி எதுவும் ஆகாது. கண், முகம், காது மூன்றும் மூடுகிற பெயிண்ட்பால் முகமூடி, அதில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1776 என்ற தர அடையாளம். இரட்டைக் கண்ணாடி போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் ஆட்டத்தின் நடுவே முகமூடியைத் தூக்குவது குறும்பால் மட்டுமல்ல, ஆவி படிந்து கண் தெரியாததாலும்தான். ஆவி படியாத கண்ணாடி கழற்றத் தூண்டாத கண்ணாடி. பணம் போக வேண்டிய இடம் அது.

அடுத்தது வலை. குறி தவறின உருண்டை நூறு கெஜம்வரை போகக்கூடும். சுற்றிலும் உயரமாக, விறைப்பாகக் கட்டாமல் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். தொங்கும் வலை வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஆட்டத்துக்கு முன் வலையையும் ஃப்ளெக்ஸையும் கிட்டத்திலிருந்து சுட்டுப் பார்த்து, பின்பக்கம் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். வேடிக்கை பார்க்கும் தாத்தாவுக்கும் முகமூடி உண்டு. தாத்தா மறுத்தால் அவருக்குப் பால்கனி.

அக்கம்பக்கத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நம் வேலை. துப்பாக்கி மாதிரி தெரிவதால் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை. ஜெலட்டின் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து வருவது. சைவ, ஜைனக் குடும்பங்கள் நிறைந்த இடத்தில் இதை மறைப்பது மரியாதை இல்லை. பொது நிலத்தில் ஆட அனுமதி கேட்கிறவன் முழு விவரத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கள் சொசைட்டியில் ஒரு குடும்பம் இதனால் தங்கள் பையனை அனுப்பவில்லை. அவர்கள் வீட்டுப் பக்கம் மைதானம் வராதபடி தள்ளிப் போட்டுக்கொண்டோம், முகம் கோணவில்லை.

பிள்ளைகளுக்குத் துப்பாக்கி விளையாட்டு தேவையா என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில்: வீடியோ கேமில் சுடுகிற பையனுக்குத் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இங்கே குனிய வேண்டும், ஓட வேண்டும், "பட்டுடுச்சு, நான் அவுட்" என்று தானே கையைத் தூக்கி வெளியேற வேண்டும். அந்தக் கை தூக்குவதற்காகவே ஆடலாம். பங்கர் கட்டுவதிலும், கழற்றிக் கட்டாகச் சுமப்பதிலும் பிள்ளைகள் பங்கெடுத்தால் பாதி பாடம் அங்கேயே முடிந்தது.

மழைக்காலத்தில் முயற்சிக்காதீர்கள், ஈரத்தில் உருண்டை வீங்கிவிடும். கர்பாவும் தீபாவளியும் முடிந்து பட்டத் திருநாள் வரைக்கும் இந்தப் பக்கம் நல்ல பருவம். நாக்பூர், புனே, ஹைதராபாத் என்று இருக்கும் நம்மவர்கள் உங்கள் ஊரில் இடம் எப்படி, கமிட்டி எப்படி என்று எழுதுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பங்கரைப் பார்த்து யாராவது "என்னங்க, இவ்வளவு சிக்கனமா?" என்று கேட்டால் பெருமைப்படுங்கள். முகமூடியைப் பார்த்து அந்தக் கேள்வி வந்தால் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.