கால் லிட்டர் ரத்தத்தின் காவல்

மூளையின் ரத்தக்குழாயில் சிகிச்சை என்றதும் பச்சிளங்குழந்தையின் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான்: "இத்தனை சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா?" நியாயமான பயம். ஆனால் ஆபத்து மருந்தில் மட்டும் இல்லை.

கேலன் சிரைக் குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். கருவிலேயே மறைய வேண்டிய ஒரு சிரை மறையாமல் தங்கிவிடுகிறது. மூளையின் நடுவே தமனிகள் நுண்குழாய்களைக் கடக்காமல் நேரே அதில் கொட்டுகின்றன. மடை உடைந்த வாய்க்கால்தான் அது. இதயம் தள்ளும் ரத்தத்தில் பெரும்பங்கு தலைக்கே போய்த் திரும்ப, கடைமடையிலிருக்கும் சிறுநீரகமும் குடலும் வாடுகின்றன. நுரையீரலில் அழுத்தம் ஏறுகிறது. கோளாறு மூளையில் இருந்தாலும், பிறந்த சில நாட்களில் குழந்தையைத் தவிக்கவைப்பது களைத்துப்போன இதயம்தான்.

பெரும்பாலும் மண்டையைத் திறப்பதில்லை. தொடைத் தமனி வழியே மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, பசை போன்ற திரவத்தால் அடைக்கிறார்கள். எப்போது அடைப்பது? பாரிஸுக்கு அருகிலுள்ள பிசெத்ர் மருத்துவமனையில் பியேர் லாஸ்ஜோனியாஸ் குழுவினர் குழந்தையின் நிலையை மதிப்பிட வகுத்த 21 புள்ளி அளவுகோல் இதற்கு உதவுகிறது. நிலை ஓரளவு நன்றாக, 12-க்கு மேல் இருந்தால், மருந்துகளால் இதயத்தைத் தாங்கிப்பிடித்துச் சில மாதம் பொறுப்பார்கள். அந்தக் காத்திருப்பை அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது.

காரணம் உடம்பின் அளவு. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறத்தாழ கால் லிட்டர். 25 மில்லி கசிந்தாலே பத்தில் ஒரு பங்கு போயிற்று. பெரியவருக்கு அரை லிட்டர் போனதற்குச் சமம். ஆகவே கதீட்டரை அலசும் உப்புநீரையும், குழாயைப் படத்தில் காட்டும் மருந்தையும் மயக்க மருத்துவர் மில்லி மில்லியாகக் கணக்கு வைக்கிறார். குளிர்ந்த அறையில் பிஞ்சு உடம்பின் சூட்டைக் காக்கிறார். ஊசிக்குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட நுழையவிடுவதில்லை. பிறந்த குழந்தையின் இதயச்சுவரில் மூடாதிருக்கும் துளை வழியே அது மூளைக்குப் போய்விடலாம்.

பசையைச் செலுத்தும் நேரம்தான் மிகக் கடினமானது. வேகமான ஓட்டத்தில் பசை நுரையீரலுக்கு அடித்துச் செல்லப்படாதிருக்க, ரத்த அழுத்தத்தைச் சற்றுத் தாழ்த்த வேண்டியிருக்கும். அளவு மீறித் தாழ்த்தினால் இதயத்துக்கே ரத்தம் போதாது. அடைத்ததும் நிலைமை தலைகீழாகிறது. தடையின்றித் தள்ளிப் பழகிய இதயம் திடீரென்று எதிர்ப்பைச் சந்திக்கிறது. சுற்றியுள்ள மூளைக்குழாய்களில் அழுத்தம் ஏறி ரத்தம் கசியக்கூடும். ஒரே நாளில் முழுவதையும் அடைக்காமல் தவணை தவணையாகச் செய்வது இதனால்தான்.

மருந்து வளரும் மூளையைப் பாதிக்குமா என்ற கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது பலமுறை மயக்கம் தருவது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான மயக்கத்தால் ஐந்து வயதில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு ஆறுதல் தந்தது; இந்தச் சிகிச்சையோ அதைவிட நீளமானது. ஆனால் அவசியமான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் அந்த எச்சரிக்கையை ஒட்டிச் சொல்லப்பட்டதே.

சிகிச்சை முடிந்தும் குழந்தை கண் விழிக்காமல், வென்டிலேட்டரோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதைப் பார்த்துப் பலர் இடிந்துபோகிறார்கள். பெரும்பாலும் அது திட்டமிட்டுச் செய்வது. புதிய ஓட்டத்துக்கு இதயம் பழகும்வரை அழுகையோ திமிறலோ ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடாதபடி தூங்கவைத்திருக்கிறார்கள்.