வாசலோடு நின்றுவிடும் வண்டி

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள நடுத்தரக் குடும்பங்களுக்கு, பிள்ளைகளின் விடுமுறையில் ஆண்டுக்கொரு முறை வாய்க்கும் உல்லாசம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் இருக்கிறது. விடியற்காலையில் வேன் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, சென்னைக்குத் தெற்கே உள்ள பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஒன்றுக்குப் போய்வருவது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறக்கப்பட்ட பிறகு அந்தப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கிறது. ஆனால் நாம் இங்கே பேச விரும்புவது அந்த வேனில் ஏறாதவர்களைப் பற்றி.

முழங்கால் தேய்ந்த பாட்டி, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த தாத்தா, இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப்போன அத்தை. "நீங்க போயிட்டு வாங்க, நான் வந்து என்ன பண்ணப் போறேன்" என்று அவர்கள் சொல்வதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு நாம் கிளம்பிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. தன்னை எத்தனை பேர், எத்தனை இடங்களில் தூக்க வேண்டியிருக்கும், கழிப்பறைக்கு எப்படிப் போவது என்று மனத்துக்குள் போட்டுப் பார்த்த கணக்கு அது.

மேலைநாட்டுப் பூங்காக்களில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். 1968இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்பவர், நடக்க இயலாத தம் உறவினர் ஒருவருக்காக மின்கலத்தில் ஓடும் சிறுவண்டி ஒன்றைச் செய்தார். இன்று அவ்வகை வண்டிகளைப் பெரிய பூங்காக்கள் வாசலிலேயே வாடகைக்குத் தருகின்றன. பேரனுக்கு முன்னால் பாட்டி வண்டியோட்டிப் போவது அங்கே சாதாரணக் காட்சி.

நம்மிடமும் வண்டி இல்லாமல் இல்லை. கால்கள் பாதிக்கப்பட்டு, கைகள் நன்கு இயங்குவோருக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழக அரசு விலையின்றி வழங்கிவருகிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் கூடுதலாக இரண்டு சக்கரங்கள் கொண்ட இவ்வண்டியை நம் ஊர்க் கடைத்தெருக்களில் காணாதவர் இருக்க முடியாது. வேலைக்கும் சந்தைக்கும் பிறர் தயவின்றிப் போய்வர வழிசெய்த இதைத் தமிழகத்தின் அமைதியான புரட்சிகளில் ஒன்று என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அந்தப் புரட்சி பூங்காவின் வாசலோடு நின்றுவிடுகிறது. எங்கள் அத்தை ஒருவர் திண்டிவனத்தில் இத்தகைய வண்டியைப் பல ஆண்டுகளாக ஓட்டுபவர். வீட்டுக்குக் காய்கறி வாங்கி வருவதிலிருந்து பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவுக்கு அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். வண்டியையும் ஒரு சிறு சரக்கு வாகனத்தில் ஏற்றிப்போயிருந்தோம். பெட்ரோல் வண்டிக்கு உள்ளே அனுமதியில்லை என்றார்கள். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் அது நியாயமான விதிதான். மாற்றாகக் கிடைத்தது கைப்பிடி தளர்ந்த ஒரு தள்ளு நாற்காலி. ஊரில் எங்களை ஏற்றிச் செல்பவர், அந்த வாசலைத் தாண்டியதும் எங்களால் தள்ளிச் செல்லப்படுபவர் ஆனார். படி வந்த இடங்களில் இரண்டு பேர் தூக்கினோம். மூன்றாவது இடத்தில், "இந்த மரத்தடியிலேயே இருக்கேன், பைகளை எல்லாம் எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றார். அன்று மாலை வரை அவர் பைகளுக்குக் காவல் இருந்தார்.

தூக்குவதில் நமக்குத் தயக்கமே இல்லை என்பதுதான் இதில் யோசிக்க வேண்டியது. கோயில் படியானாலும் ரயில் பெட்டியானாலும் முன்பின் தெரியாதவர்கள்கூட ஓடிவந்து கை கொடுப்பார்கள். இந்த ஈரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் தூக்கப்படுபவர் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது திரும்புவது என்பதைத் தூக்குபவரே தீர்மானிக்கிறார். ஒரு குழந்தை கைகாட்டும் திசையில் அதன் பின்னால் போகும் சின்ன இன்பம் அவருக்குக் கிட்டுவதில்லை. நம் அன்பு, அமைக்கப்படாத சாய்தளத்துக்கு ஈடாகப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. கை இருக்கும்வரை வழி தேவையில்லை என்று நிர்வாகங்களும் நினைத்துவிடுகின்றன.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் பொழுதுபோக்குக்குப் பயன்படும் தனியார் கட்டடங்களும் அடங்கும். விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஏற்கெனவே உள்ள கட்டடங்களை மாற்றியமைக்கச் சட்டம் தந்த ஐந்தாண்டு அவகாசம் 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கு முரணானது என்றும், கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றும் கூறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். இவர்களோடு சேர்ந்து வெளியே போக விரும்பும் குடும்பத்தினரையும் எண்ணினால், ஒரு சிறுபான்மையின் கோரிக்கை என்று இதை ஒதுக்க முடியாது.

வழி அமைத்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2022 நவம்பரில் மெரினாவில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறக்கப்பட்டபோது, சென்னையிலேயே வாழ்ந்தும் அலையைத் தொட்டிராத பலர் முதன்முறையாகக் கடலருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது; பிறகு சீர்செய்யப்பட்டது. கட்டுவதோடு பராமரிப்பும் சேர்ந்ததுதான் வழி என்பது அதில் கிடைத்த பாடம்.

எல்லாச் சவாரிகளிலும் எல்லாரையும் ஏற்ற வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. தலைகீழாய்ச் சுழலும் ராட்டினத்தில் காலூன்றிப் பிடிமானம் கொள்ள இயலாதவரை ஏற்றாதது பாதுகாப்பு கருதித்தான். ஆனால் சக்கர நாற்காலியோடு ஏறி ஆடும் ஊஞ்சலை வடிவமைக்க முடியும் என்பதை 2010இல் டெக்சாஸில் திறக்கப்பட்ட மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் பூங்கா காட்டிவிட்டது. நம் பக்கத்திலேயே உள்ள செஞ்சிக் கோட்டைக்கும் இது பொருந்தும். 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அக்கோட்டையின் ராஜகிரி உச்சிவரை சாய்தளம் போடச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் தன் வண்டியில் தானே சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது மிகையான ஆசையா?

பூங்காக்களிடம் நாம் கேட்பவை சிலவே. வாசலில் வாடகைக்கு நாலைந்து மின்கல வண்டிகள், படியில்லாத வழிகளைக் குறித்த ஒரு வரைபடம், சக்கர நாற்காலி நுழைந்து திரும்பக்கூடிய கழிப்பறை. சென்னை ஐஐடி ஆய்வகத்தில் உருவாகி 2021இல் அறிமுகமான நியோபோல்ட், சக்கர நாற்காலியோடு இணைத்து ஓட்டும் மின்கல வண்டி. ஆகவே இவற்றை வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் இடமில்லை.

குடும்பங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை நுழைவுச்சீட்டு வாங்குமுன், உள்ளே நடக்க முடியாதவருக்கு என்ன ஏற்பாடு என்று தொலைபேசியில் கேளுங்கள். "ஆள் இருந்தால் தூக்கிக்கொண்டு போகலாம்" என்று பதில் வந்தால், ஆள் இருக்கிறார்கள், வழி இருக்கிறதா என்று மறுபடியும் கேளுங்கள். பத்துக் குடும்பங்கள் கேட்டால் அது விசாரிப்பு. ஆயிரம் குடும்பங்கள் கேட்டால் அதற்கொரு பதில் தயாரித்தே ஆக வேண்டும்.