பழுதுபார்த்ததைப் பழுதுபார்த்தது என்றே சொல்லுங்கள்

"பிள்ளை எந்நேரமும் பொம்மைக் காரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் ஹஜ்ரத், இது வீண் வேலையில்லையா?" என்று பெற்றோர் சிலர் மதரஸாவில் என்னிடம் கேட்பதுண்டு. தொழுகையும் பாடமும் தவறாத பிள்ளை ஓய்வு நேரத்தில் செய்வதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். கல்வராயன் மலையடிவாரத்தில் நுங்கு வண்டி உருட்டி வளர்ந்த நாம் இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதில் கவலைப்பட வேண்டிய இடம் வேறொன்று உண்டு. அதைப் பெற்றோர் கேட்பதில்லை.

இவை கடையில் விற்கும் சாதாரணப் பொம்மைகள் அல்ல. பழைய பந்தயக் கார்களை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்யும் மாதிரிகள். சாலையில் ஓடும் காரையே உள்ளே மாற்றியமைத்துச் சிறு வட்டத்தடங்களில் ஓட்டுவது அமெரிக்கர் வழக்கம். நம் நாட்டிலும் சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்து பியட்டும் அம்பாசடரும் ஹெரால்டும் அவ்வாறே ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் திறக்கப்பட்டது. 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடரை 24இல் ஒரு பங்காகச் செய்தால் 18 சென்டிமீட்டர் வரும். சக்கரம், கதவு, விளக்கு அனைத்தும் அதே கணக்கில் அமைய வேண்டும். வகுத்தல் கணக்கை இதைவிட நன்றாகக் கற்பிக்க எனக்குத் தெரியாது.

பழைய மாதிரியைச் சீர்செய்வது இன்னும் கடினம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் பட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும். ஆகவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய வண்ணத்தைப் பொறுமையாக உரிப்பர். (பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் திரவந்தான்.)

மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா? உருவம் வரைந்து பிழைத்த ஒருவரிடம், மரம் போன்ற உயிரற்றவற்றைச் செய்துகொள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டினார்கள். கார் உயிரற்றது. பந்தயமும் நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஐந்தாறு மைலும், பெறாதவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மைலும் வைத்து ஓட்டம் நடத்தியதை புகாரியில் காணலாம். சூதாட்டம் கலந்தால் மட்டும் அது ஹராம். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

நான் கவலைப்படும் இடம் விற்பனை. சேகரிப்போர் பழைய மாதிரிகளுக்கு நல்ல விலை கொடுப்பர். அசல் வண்ணம், அசல் சக்கரம், அசல் பெட்டி இருந்தால் விலை ஏறும். புதிதாக அச்சிட்ட எண் ஒட்டியைப் பழையது போல மங்கச் செய்வதும், மாற்றிய சக்கரத்தை மறைத்து "அப்படியே இருந்தது" என்று எழுதுவதும் கைதேர்ந்தவனுக்கு எளிது. திறமை வளர வளரச் சோதனையும் வளர்கிறது. மழையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) கேட்டார்களே, அந்தக் கேள்வி இந்தச் சிறு காருக்கும் பொருந்தும். வாங்குபவர் கண்காணாத ஊரில் இருக்கிறார், நம் மார்க்கத்தவரும் அல்லர் என்பதெல்லாம் சாக்காகாது.

நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் பெரும்பாலும் செதுக்குவது தெய்வ உருவங்கள். அது அவர்களுடைய வழி. ஆனால் வேறெங்கோ செய்த பொருளை இவ்வூர்ப் பெயரில் விற்றால் யாருடைய உழைப்பு திருடப்படுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பழையதென்று பொய் சொல்லி விற்கும் மாதிரிக் காரும் அதே இனந்தான்.

ஆகவே என் மாணவர்களுக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன். சீர்செய்த காரின் அடிப்பாகத்தில் அழியாத மையால் எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்தப் பாகம் புதிது, எந்த வண்ணம் நீங்கள் பூசியது என்று. விலை குறையுமே உஸ்தாத் என்று ஒருவன் கேட்டான். குறையும் என்றேன். பெற்றோரே, அடுத்த முறை பிள்ளையின் கையில் அந்தக் காரைக் கண்டால், கவிழ்த்து அடிப்பாகத்தைப் படித்துப் பாருங்கள்.